கேரல் வண்டி மானும் ஓர் அம்பும்

சமையல் குறிப்பு எழுதுகிறவருக்குச் சமைக்கத் தெரியும், உடற்பயிற்சி பற்றி எழுதுகிறவருக்குத் தொப்பை இருக்காது என்றெல்லாம் நம்புகிறவர்கள் நல்லவர்கள். அவர்களை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் பிழைக்கிறோம். நான் மான் வேட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் வில்லால் வேட்டையாடுவதைப் பற்றி. அதுவும் கேளம்பாக்கத்தில், ஏ.சி. அறையில், காலடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு.

(பதறாதீர்கள். நம் ஊரில் மானை அடித்தால் ஜெயில் என்பது எனக்கும் தெரியும். நான் ஒரு கரப்பான்பூச்சியை அடிப்பதற்கே மனைவியைக் கூப்பிடுகிறவன்.)

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பல இடங்களில் வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் ஒரு பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பாடத்தை ஆன்லைனில் நடத்தும் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு நாங்கள் கேள்வி பதில் தயாரித்துக் கொடுத்தோம். எங்கள் டீம் லீட் பல்லாவரத்து முபாரக் பாய். எங்கள் டீமில் மானின் இதயம் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து குறித்த பெண், பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. எனக்குக் கொடுத்த பகுதி, எந்த நேரத்தில் அம்பை விடலாம், எந்த நேரத்தில் விடக்கூடாது என்பது.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு அது பிடித்துப்போனது. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாவில் குறி வைக்க வேண்டும். அங்கேதான் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. அங்கே பட்டால் மான் அதிகம் துன்பப்படாது. முகத்துக்கு நேராக நின்றால் விடக்கூடாது. தோளைக் காட்டிக்கொண்டு நம்மை நோக்கிச் சாய்வாக நின்றால் எலும்பு தடுக்கும், விடக்கூடாது. பின்பக்கத்தைக் காட்டினால் கூடவே கூடாது. தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்துவிட்டால், நாணின் சத்தத்துக்கே துள்ளிவிடும், அப்போதும் கூடாது. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வில்லை இறக்கிவிட வேண்டும். மொத்தத்தில் நல்ல வேட்டைக்காரனின் வேலை பெரும்பாலும் அம்பை விடாமல் இருப்பதுதான் என்று புரிந்தபோது, இந்தத் தொழிலுக்கு என்னைவிடப் பொருத்தமானவன் யாருமில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது.

கல்யாணமான புதிது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனைவி கிரேஸை வண்டலூர் ஜூவுக்கு அழைத்துப் போவேன். புலியைக் காட்டுவேன் என்று பாவம் அவள் நினைத்தாள். நான் நேராக மான்கள் இருக்கும் வேலிக்குப் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றுவிடுவேன்.

"இப்ப... இப்ப... ம்ஹூம், திரும்பிடுச்சு. வேணாம்."

பக்கத்தில் நின்ற குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. காவலாளி ஒருவர் வந்து கிரேஸிடம், "சாருக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "இல்லண்ணா, ஆபீஸ் வேலை" என்றாள் அவள். அந்த மனிதர் நாங்கள் வெளியே போகும்வரை பின்னாலேயே வந்தார்.

இப்படி உழைத்து எழுதிய கேள்விகள் அமெரிக்காவில் டேல் என்பவர் கைக்குப் போயின. அந்தக் கம்பெனியில் எங்கள் வேலையைப் பார்த்துச் சரி சொல்கிறவர் அவர்தான். உண்மையான வில் வேட்டைக்காரர். ஒரு நாள் வீடியோ காலில் என்னைப் பெயர் சொல்லி அழைத்து, "இவ்வளவு கண்டிப்பாக யாரும் எழுதியதில்லை. நீங்கள் எத்தனை வருடமாக வில் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

முபாரக் பாய் கேமராவுக்கு வெளியே நின்று, தலை கழன்று விழுந்துவிடும்போல ஆமாம் ஆமாம் என்று ஆட்டினார்.

"சின்ன வயதிலிருந்தே" என்றேன். இது முழுப் பொய்யில்லை. துடைப்பக்குச்சியை வளைத்து நூல் கட்டி, எங்கள் சித்தப்பாவின் கைலியில் ஓட்டை போட்டிருக்கிறேன். "இங்கே வேட்டைக்கு அனுமதி இல்லை. அதனால் குறிப்பலகையில் மட்டும்தான்" என்று மரியாதையாகச் சேர்த்துக்கொண்டேன்.

டிசம்பரில் டேல் நேரிலேயே வந்துவிட்டார். அவருக்குத் திருப்தி என்றால் அடுத்த பெரிய வேலையும் எங்களுக்கு. இல்லையென்றால் டீம் மொத்தமும் வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். முபாரக் பாய் என்னைத் தனியாக அழைத்தார்.

"எபி, வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டுல ஒரு ரிசார்ட் இருக்கு. ஆர்ச்சரி எல்லாம் வச்சிருக்கான். சனிக்கிழமை அங்கதான் லஞ்ச். நீ ஒரு அம்பு விடற, அவர் கை தட்டறாரு, நாம பிரியாணி சாப்பிடறோம். அவ்வளவுதான்."

"பாய், எனக்கு வில்லு பிடிக்கவே தெரியாது."

"வட்டமான போர்டுதானே? எங்கயாவது ஓரத்துல பட்டாப் போதும். காத்து ஜாஸ்தின்னு நான் சொல்லிக்கறேன். அது கெடக்கட்டும், டெக்கரேஷனுக்கு ஒரு மான் பொம்மை கிடைக்குமா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "எங்க சபையில ஒண்ணு இருக்கு பாய்" என்றேன்.

எங்கள் சபை கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது. டிசம்பரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது முன்னால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி போகும். அதன்மேல் நட்சத்திரம், கிறிஸ்துமஸ் தாத்தா, அவருக்குப் பின்னால் ஆளுயர மான். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர் தெர்மாகோலில் செதுக்கி, துணி ஒட்டி, வண்ணம் தீட்டிக் கொடுத்தது. அதை அன்பளிப்பாகக் கொடுத்தவர் என் மாமனார் சாமுவேல். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கொடுத்ததை மறைத்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "அன்பளிப்பு: சாமுவேல், தலைமை ஆசிரியர் (ஓய்வு) மற்றும் குடும்பத்தார், சேலையூர்" என்று மானின் விலாவில் சிவப்பு எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தார். தெருவின் இரண்டு பக்கத்து வீட்டாரும் படிக்க வேண்டுமே என்று இரண்டு விலாவிலும்.

ஆபீஸில் கிறிஸ்துமஸ் விழா என்று சொல்லி மானைக் கேட்டேன். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை. பேரு எல்லாருக்கும் தெரியற மாதிரி நிறுத்துங்க. சாயங்காலம் ரவுண்ட்ஸ் கிளம்பறதுக்கு முன்னால வந்துடணும். ஒரு கீறல் விழக்கூடாது."

"மான் என் பொறுப்பு மாமா" என்றேன். மனுஷன் வாயால்தான் கெடுகிறான்.

சனிக்கிழமை காலை அதே குட்டியானையில் மானை ஏற்றிப் படுக்க வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினோம். நாலு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜூ வாசல் தாண்டும்போது டிரைவர் சேகர் வாயைத் திறந்தார்.

"இன்னா சார் இது, பேஜாரா கீது? ஜூ வாசல்ல மானைப் போத்திகினு போறோம். எவனாச்சும் பாத்தா நான் உள்ள பூடுவேன். எனுக்கு பொண்டாட்டி புள்ளைங்க கீது."

"தெர்மாகோல்தான் அண்ணா."

"அது எனுக்கும் உனுக்கும் தெரியும். ரோட்ல போறவனுக்குத் தெரியுமா?"

அவர் சொன்னது சரிதான். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் மானின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். நான் தார்ப்பாயை விலக்கி மானின் முகத்தைக் காட்டி, "கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ்" என்று சிரித்தேன்.

ரிசார்ட்டில் மானை வட்டப் பலகைகளுக்குப் பக்கத்தில் அலங்காரமாக நிறுத்தினோம். டேல் வந்தார். தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக நல்ல உயரம். கேரல் வண்டியில் ஏற்றினால் தாத்தா வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டாம். வட்டப் பலகையை அவர் பார்க்கவே இல்லை. மானைப் பார்த்தார். என் தோளில் கை போட்டார்.

"எனக்காக மானே செய்து வைத்திருக்கிறீர்களா? அப்புறம் எதற்கு வட்டத்தை அடிப்பது?"

பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார். அம்பை விடாவிட்டால் டீமுக்கு வேலை போகும். விட்டுப் பட்டால் மாமனார் பெயர் போகும். ஓடிப்போய் மானின் முகம் எங்களை நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்தேன். இப்போது நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பெயர் தெரியாது. ரிசார்ட் பயிற்சியாளர் வில்லைக் கையில் கொடுத்தார். வில்லைத் தூக்கினேன். மான் என்னைப் பார்த்தது. அப்போதுதான், நான் எழுதிய பாடமே எனக்குக் கை கொடுத்தது.

வில்லை மெதுவாக இறக்கினேன். "முகத்துக்கு நேராக நிற்கிறது. நான் விடமாட்டேன்."

டேல் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கை தட்டினார். தானே நடந்துபோய் மானைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பிவிட்டு வந்தார்.

வில்லைத் தூக்கினேன். கண்ணைச் சுருக்கினேன். வண்டலூரில் எடுத்த பயிற்சி எல்லாம் முகத்தில் வந்தது. இறக்கினேன். "தோள் எலும்பு மறைக்கிறது."

"சபாஷ்" என்கிற அர்த்தத்தில் அவர் ஏதோ சொன்னார். இந்த முறை மானை முழுக்கச் சுற்றிவிட்டார். பின்பக்கம் தெரிந்தது.

"பின்பக்கமா?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அந்த நேரத்தில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் இவ்வளவு கொள்கையோடு எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

பாய் என் காதருகே வந்தார். "எபி, விட்டுத் தொலைடா. பிரியாணி ஆறுது."

டேல் கடைசியாக மானைப் பக்கவாட்டில் நிறுத்தினார். விலாவில் சிவப்பாகச் சாமுவேல், தலைமை ஆசிரியர் (ஓய்வு). முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், பாடத்தில் நான் எழுதிய அதே இடத்தில், ஓர் அங்குலம் தப்பாமல்.

டேல் எழுத்துகளைக் கிட்டப் போய்ப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார். "குறி வைக்க வேண்டிய இடத்தைத் தமிழில் எழுதியே வைத்திருக்கிறீர்கள்!"

இல்லை, அது என் மாமனார் என்று சொல்ல வாய் வரவில்லை. "தலை நிமிர்ந்திருக்கிறது. நம்மைப் பார்த்துவிட்டது" என்று ஈனஸ்வரத்தில் ஆரம்பித்தேன்.

"அப்படியானால் காத்திருப்போம்" என்றார் டேல். காத்திருந்தோம். தெர்மாகோல் மான் தலையைக் குனிவதற்காக வெயிலில் மூன்று ஆண்கள் மூச்சுக் காட்டாமல் நின்றோம். கடைசியில் டேலே என் முதுகைத் தட்டி, "பாவம், அதற்குக் கழுத்து வளையாது. நீங்கள் விடுங்கள்" என்றார்.

ஒரே ஒரு வழி இருந்தது. வேண்டுமென்றே தவற விடுவது. மானுக்கு இடது பக்கம், நன்றாகத் தள்ளி ஒரு சவுக்கு மரம் நின்றது. அதைக் குறி வைத்தேன். மானுக்கு ஆபத்தில்லை, காற்று ஜாஸ்தி என்று பாய் சொல்லிக்கொள்வார், மாமா பெயர் நிலைக்கும். நாணை இழுத்தேன். கர்த்தரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். நாண் என் முன்னங்கையில் சுளீரென்று அடித்தது. அம்மா என்று கத்தினேன். அந்தக் கத்தலை மீறி டேல் போட்ட கூச்சல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். அம்பு சாமுவேலின் நட்டநடுவில் நின்றது.

அடிக்கத் தெரியாதவனுக்குத் தவற விடவும் தெரியாது என்பதை என் பாடத்தில் நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். டேல் என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். இரண்டு நுரையீரலும் என்றார். உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டது என்றார். ஆமாம், மறுபக்கத்துச் சாமுவேலின் வழியாக வந்திருந்தது. நீங்களும் ஒன்று விடுகிறீர்களா என்று பாய் விருந்தோம்பலாகக் கேட்டுத் தொலைத்தார். டேல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "விழுந்த மான்மேல் இன்னொரு அம்பு விடுவது முறையல்ல." அந்த மனிதரின் நேர்மையால் மாமாவின் இனிஷியலாவது தப்பித்தது என்று சொல்லலாமென்றால், மாமா இனிஷியலே எழுதவில்லை.

அம்பைப் பிடுங்கியபோது ஒரு கைப்பிடி தெர்மாகோலும் கூடவே வந்து பனிபோலக் கொட்டியது. நடு எழுத்துகள் இரண்டும் காணவில்லை. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துத் தென்னைமரம் தெரிந்தது. எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மாமா என்னை நம்பிக் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அவர் பெண்ணைத் தவிர.

திரும்பும் வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் தடியாக ஒரு சாமந்தி மாலை வாங்கி, ஓட்டை இரண்டும் மறையும்படி மானின் மேல் குறுக்காகப் போட்டேன். சேகர் பார்த்துவிட்டு, "இன்னா சார், அடிச்சதும் நீ, மாலை போடறதும் நீயா?" என்றார்.

சபை வளாகத்தில் எல்லோரும் தயாராக நின்றார்கள். மாமா வெள்ளைச் சட்டையில் வந்து மானைச் சுற்றிப் பார்த்தார்.

"மாலை எதுக்கு மாப்பிள்ளை?"

"ஆபீஸ்ல மரியாதை பண்ணாங்க மாமா."

"நல்ல ஜனங்க. ஆனா பேரை மறைக்குதே" என்று சொல்லிக்கொண்டே மாலையை உருவினார்.

பிறகு குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தார். மறுபக்கம் கிரேஸும் அதே நேரத்தில் குனிந்து பார்த்திருக்கிறாள். அப்பாவும் பெண்ணும் மானின் நுரையீரல் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் வில்லோடு மான் பக்கத்தில் நிற்கிற படத்தை முபாரக் பாய் மத்தியானமே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அதை அவள் அப்பாவிடம் நீட்டினாள்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என் பேரைப் பார்த்துத்தான் குறி வச்சீங்களா?"

"இல்ல மாமா. பக்கத்துல ஒரு சவுக்கு மரம் இருந்துச்சு. அதுக்குத்தான் குறி வச்சேன்."

"அப்புறம் எப்படி இங்க?"

"எனக்கு அம்பு விடத் தெரியாது மாமா."

பரீட்சையில் காப்பி அடித்தவனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். "தெரியாமலே இவ்வளவு கரெக்ட்டா?" என்று மட்டும் கேட்டார். ரவுண்ட்ஸ் கிளம்பியது. ஓட்டைக்குள் யாரோ ஒரு சிவப்பு சீரியல் பல்பைச் செருகிவிட்டார்கள். அது சேலையூர் முழுக்க மினுக்கிக்கொண்டே போனது. நான் வண்டிக்குப் பின்னால், வீங்கிய கையோடு, எல்லாப் பாட்டுக்கும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தேன்.

புது வேலை எங்களுக்கே கிடைத்தது. நல்ல வேட்டைக்காரனுக்கு உதாரணம் என்று டேல் இன்றுவரை என்னைத்தான் சொல்கிறாராம். வீட்டில் கதை வேறு. மீன் கடையில் எதை வாங்குவதென்று நான் இழுத்தடித்தாலும் சரி, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கத் தயங்கினாலும் சரி, கிரேஸ் அமைதியாகக் கேட்பாள்: "ஏன், தோள் எலும்பு மறைக்குதா?"

அடுத்த வருடம் நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மாமா திடீரென்று, அந்தப் பாடத்தை விளக்கிச் சொல்லுங்கள் என்றார். ஊறுகாய் ஜாடியை மானாக வைத்து, திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கினேன். வகுப்பில் முதல் பெஞ்சுப் பையனைப்போலக் கேட்டார்.

"எந்தப் பக்கம் அடிக்கவே கூடாது?"

"பின்பக்கம் மாமா. அது ரொம்பக் கேவலம். நல்ல வேட்டைக்காரன் செத்தாலும் அங்க விடமாட்டான்."

"ம்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

டிசம்பரில் மான் புது வண்ணத்தோடு வந்தது. ஓட்டை அடைத்தாகிவிட்டது. இரண்டு விலாவும் பளிச்சென்று இருந்தன. ஓர் எழுத்துகூட இல்லை. என்னால்தான் மனிதர் பெயரையே எடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பேரு எங்க மாமா?"

அவர் சேகருக்குக் கை காட்டினார். வண்டி கிளம்பித் திரும்பியது. மானின் வாலுக்குக் கீழே, தொடை இரண்டிலுமாகச் சேர்த்துச் சிவப்பு எழுத்தில்: அன்பளிப்பு, சாமுவேல், தலைமை ஆசிரியர் (ஓய்வு) மற்றும் குடும்பத்தார், சேலையூர்.

"நல்ல வேட்டைக்காரன் அங்க விடமாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மாமா. வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தவர், கொஞ்ச தூரம் போனதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல வேட்டைக்காரங்களைப் பத்தி எனக்குக் கவலையில்ல மாப்பிள்ளை. உங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு."